படத்துக்கு ஒரு தவுக்கே

பிரிக்ஃபீல்ட்ஸ் பாரம்பரியச் சங்கத்தில் தலைவர்கள் வருவார்கள், போவார்கள். செயலாளர் மட்டும் நிரந்தரம். கூட்டக் குறிப்பேடும் ரப்பர் முத்திரையும் பொன்னாடைகளும் அவர் கார் டிக்கியில் இருக்கும்வரை அவரை அசைக்க முடியாது.

ஞாயிறு காலை பாரம்பரிய நடை. "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் 1881க்குப் போய்விடுவார். அந்த வருடம் நெருப்பும் வெள்ளமும் கோலாலம்பூரின் அத்தாப்பு வீடுகளை வாரிக்கொண்டு போக, ஊரைச் செங்கல்லில் கட்டச் சொன்னான் வெள்ளைக்காரன். சீனக் கப்பித்தான் இங்கே சூளை போட்டார். "சீனர் செங்கல், தமிழர் தண்டவாளம், சிங்களவர் விகாரை!" என்று விரல் மடக்குவார். யாழ்ப்பாணத்தாரின் கந்தசுவாமி கோயில், தேவாலயங்கள் என்று போகப் போக விரல் போதாது.

1904இல் நிறுவப்பட்ட விவேகானந்தா ஆசிரமத்தின் முன்னால் குரல் தழுதழுக்கும். 2014இல் அந்த வளாகத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்று ஊர் திரண்டபோது, தான் முன்வரிசையில் நின்றதாகச் சொல்வார். இருக்கலாம். ஆனால் படம் எடுத்த இடத்தில் அவர் இல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

இருப்பதைவிட இல்லாததைக் காட்டுவதில்தான் அவருக்குத் தனித் திறமை. கேஎல் சென்ட்ரலின் கண்ணாடிக் கோபுரங்களைச் சுட்டி, "அதோ, ரயில் யார்டு!" என்பார். சுற்றுப்பயணிகளும் பாவம், அண்ணாந்து தேடுவார்கள்.

நடையின் உச்சம் குழுப்படம். பல்லின நல்லிணக்கம் படத்தில் தெரியாவிட்டால் நிதி கேட்கும் கடிதத்தோடு எதை இணைப்பது? நாசி லெமாக் விற்கும் மலாய்க்கார மக்சிக் வந்தாயிற்று. "ஒரு சீனர் குறையுதே!" என்று எதிர்க் கடைக்கு ஓடி, எழுபது வயது இரும்புக்கடைத் தவுக்கேயைக் கையோடு இழுத்து வந்தார். மெதுவாக, சைகையோடு, மலாயில் பாரம்பரியத்தை விளக்க ஆரம்பித்தார்.

தவுக்கே பொறுமையாகக் கேட்டார். பிறகு தமிழில், "தம்பி, நான் பொறந்ததே இந்தக் கடை மாடியிலதான். நீங்க எங்க இருக்கீங்க?"

"பூச்சோங்."

"அப்படியா? எப்பவாச்சும் வாங்க, சுத்திக் காட்டுறேன். இப்ப சீக்கிரம் எடுங்க லா, கடையில ஆளில்ல."