கொதிக்கும் அம்பாசடர்

கே: என் பழைய பெட்ரோல் அம்பாசடர் மேடு ஏறினாலே கொதிக்கிறது. புது ரேடியேட்டர் போட்டும் அடங்கவில்லை. வயசுக்கோளாறா?

ப: வயிற்றுக்கோளாறு! நீங்கள் மாற்றியது ரேடியேட்டரை. துரு குடியிருப்பதோ எஞ்சினுக்குள். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வழிவந்த இந்த வண்டியின் எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. அதில் வருஷக்கணக்கில் குழாய்த் தண்ணீரை ஊற்றினால், துருவும் உப்புப் படிவும் சேர்ந்து சிலிண்டர்களைச் சுற்றியுள்ள நீர்ப்பாதையின் அடியில் செந்நிறச் சேறாக இறுகிவிடும். சந்தேகமா? எஞ்சின் ஆறிய பிறகு பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வடிகுழாயைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் இருந்தும் சொட்டுக்கூட வராவிட்டால், அடைப்பு அங்கேதான். கம்பியால் குத்திக் கிளறுங்கள். ரேடியேட்டர் ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டு, வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், தெளிந்த தண்ணீர் வரும்வரை பீய்ச்சுங்கள். ஹோஸைக் கழற்றாமல் செய்தால் சேறு முழுக்கப் புது ரேடியேட்டருக்குக் குடிபெயரும்.

"கழுவினால் ஒழுகுமே" என்று மெக்கானிக் பயமுறுத்துவார். ஒழுகலாம்தான். ஆனால் ஓட்டை போட்டது துரு. சேறு அதை மூடி மறைத்தது, அவ்வளவே. நடுரோட்டில் தெரிவதைவிட ஷெட்டில் தெரிவது மலிவு. "நம்மூரில் பனியா உறைகிறது, கூலன்ட் எதற்கு?" என்பது அடுத்த வாதம். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்கூட அதன் வேலைதான். காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றுங்கள். எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள். அதன் பதில் என் பதிலைவிடச் சூடாக இருக்கும்.