ஆன் பண்ணிக் காட்டுங்க!

மாமல்லபுரத்தில் ட்ரைபாடை விரித்தால் தொல்லியல் துறையிடம் அனுமதி வாங்கினீர்களா என்பார்கள். அதையும் சமாளித்து, கடற்கரைக் கோயிலையும் அர்ச்சுனன் தபசையும் அக்ஃபா கிளிக் த்ரீ பிலிம் கேமராவில் பிடித்துக்கொண்டு விமானம் ஏறக் கிளம்புபவருக்கு அடுத்த கண்டம் விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் காத்திருக்கிறது.

"சார், இத ஆன் பண்ணிக் காட்டுங்க."

ஆகாது. அதில் பேட்டரியே கிடையாது. பேட்டரி இல்லாத கறுப்புப் பெட்டி என்றதும் இன்னும் இரண்டு பேர் எட்டிப் பார்ப்பார்கள். "அப்போ திறந்து காட்டுங்க." திறந்தால் 12 படமும் வெளிச்சம் பட்டுக் காலி.

அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. 2001 செப்டம்பர் 9 அன்று ஆப்கன் தளபதி அகமது ஷா மசூதைக் கொன்றவர்கள், நிருபர் வேடத்தில் கேமராவோடுதான் வந்தார்கள். அதற்காக, ஊட்டியில் 'இந்து' பிலிம் தயாரித்த காலத்துக் கிழட்டுப் பெட்டியையுமா சந்தேகிப்பது?

வேடிக்கை வேறு இடத்தில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குச் சற்றுத் தெற்கே கல்பாக்கம் அணுமின் நிலையம். அதன் வாசல்வரை போய் வந்தாலும் பிலிமுக்கு ஒரு கீறல் விழாது. பயணிகளின் பாதுகாப்புக்கென்று வைத்த எக்ஸ்ரே எந்திரம்தான் அதைப் புகைமூட்டமாக்கிவிடக்கூடும். புதிய சிடி ஸ்கேனர் என்றால் ஒரே தடவை போதும். பல்லவர் கல் 1,300 ஆண்டு உப்புக்காற்றைத் தாங்கியது, அதன் படம் ஒரு கன்வேயர் பெல்ட்டைத் தாங்காது.

பிலிம்காரர்களே, சுருளைச் செக்-இன் பெட்டியில் மட்டும் போடாதீர்கள். தனியாக எடுத்துக் கையில் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால், ஏறுவதற்கு முன்பே கழுவிவிடுங்கள்.