பத்தியக்கோழி

திண்டுக்கல்லில் வீட்டுக் கோழிக்கு உடம்பு சரியில்லை என்று வாய் திறந்து சொல்லிவிடக் கூடாது. அனுதாபம் வராது, "எத்தனை கிலோ தேறும்?" என்றுதான் கேள்வி வரும். ஊரைக் குற்றம் சொல்ல முடியாது. 1957-இல் ஆனந்த விலாஸ் என்ற பெயரில் ஒரு பிரியாணிக் கடை திறந்து, முதலாளியின் தலைப்பாக்கட்டே கடைக்குப் பெயராகி, ஊர்ப்பெயரையும் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பிய ஊர் இது. கால்நடை என்றாலே இங்கே பாதிப் பேருக்குச் சீரகச் சம்பாதான் நினைவுக்கு வரும்.

அப்படிப்பட்ட ஊரில், பாலகிருஷ்ணாபுரத்துக் கொல்லை ஒன்றில், ஒரு நாட்டுக்கோழியின் வயிற்றுக் கோளாறுக்கு நான் தாதி வேலை பார்த்தேன். கோழியாவது குலங்கோத்திரம் உள்ளதா என்றால் அதுவும் இல்லை. எங்கள் பக்கம் மரியாதையெல்லாம் கிளிமூக்கு விசிறிவால் சேவலுக்கு. அதற்குக் கண்காட்சி உண்டு, பரிசு உண்டு, விலையைக் கேட்டால் நமக்கு மூச்சு வாங்கும். இது வெறும் சிறுவிடைப் பெட்டை, செவலை நிறம், மூக்கும் சாதா, வாலும் சாதா. ஆடு வாங்குகிறேன் என்று வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போன என் மச்சினன், விலை படியாமல், வெறுங்கையோடு திரும்ப மானம் இடங்கொடுக்காமல் பிடித்துக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் சோறு மீந்தால் அதற்கு, இட்லி காய்ந்தால் அதற்கு. பதிலுக்கு அது முட்டையைப் பக்கத்து வீட்டு விறகு அடுக்கில் வைத்துவிட்டு, கொக்கரிப்பதற்கு மட்டும் எங்கள் வாசலுக்கு வரும்.

ஒருநாள் கொக்கரிப்பு நின்றது. முருங்கை மரத்தடியில் றெக்கையைத் தொங்கப்போட்டு, கழுத்தை உள்ளே இழுத்து, கண் சொக்கி நின்றது. கம்பை இறைத்தால் கம்பைப் பார்த்தது. கம்பும் அதைப் பார்த்தது. பின்பக்கமெல்லாம் நனைந்து கழிச்சல் வேறு.

எதிர்வீட்டு அப்பத்தா தன் திண்ணையில் இருந்தபடியே தீர்ப்புச் சொன்னார். "வெள்ளைக்கழிச்சல் தம்பி. ராத்திரி தாண்டாது. இப்பவே அறுத்துருங்க. மஞ்சத்தூளத் தூக்கலாப் போட்டா ஒண்ணும் செய்யாது."

வெள்ளைக்கழிச்சலுக்கு டாக்டர்கள் சொல்லும் பெயர் ராணிக்கெட் நோய். ராணிக்கெட் என்பது வடக்கே இமயமலைப் பக்கம் உள்ள குளுகுளு மலைவாசஸ்தலம். 1920-களில் அந்த நோயை அங்கே கண்டு எழுதிவைத்ததால் ஊர்ப்பெயர் நோய்க்கு ஒட்டிக்கொண்டது. இதையே இங்கிலாந்துக்காரர்கள் அவர்கள் ஊர்ப்பெயரால் நியூகாசில் நோய் என்பார்கள். நல்லவேளை, எங்கள் ஊர் பிரியாணியோடும் பூட்டோடும் தப்பித்தது. அந்த நோய் வந்தால் தெருவில் உள்ள கோழியெல்லாம் காலி. இழுத்தடிக்கிற பழக்கம் அதற்குக் கிடையாது. எங்கள் கோழிக்கோ முகாமில் தடுப்பூசி போட்டாகிவிட்டது. அது அந்த ராத்திரியையும் தாண்டியது, அடுத்த ராத்திரியையும் தாண்டியது. சாகவும் இல்லை, தேறவும் இல்லை; சிவில் வழக்கு மாதிரி வாய்தா வாங்கிக்கொண்டே போனது.

"தொட்டுப் பாருங்க, உடம்பு கொதிக்குது" என்றாள் என் மனைவி. கோழி எப்போதும் கொதிக்கத்தான் செய்யும். ஆரோக்கியமான கோழிக்கே உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் பக்கம் இருக்கும். பழைய கணக்கில் 106. நமக்கு அது வந்தால் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அது அந்தச் சூட்டில்தான் குப்பையைக் கிளறி, பூரானைப் பிடித்து, முட்டையும் இடுகிறது. இதை நான் விளக்கியபோது, "உங்களுக்கு 99 இருந்த அன்னைக்கு உயில் எழுதணும்னீங்க" என்று மட்டும் சொன்னாள்.

1962 என்ற எண்ணைக் கூப்பிட்டால் கால்நடை மருத்துவ வண்டி வீடு தேடியே வரும். ஆனால் அந்த வண்டி எங்கள் தெருவுக்குள் நுழைந்து, ஜனம் கூடி, "மாட்டுக்கு என்னாச்சு?" என்று கேட்டு, நான் முருங்கை மரத்தடியைக் கை காட்டும் காட்சியை நினைத்துப் பார்த்தேன். மஞ்சப்பையில் கோழியை வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, நானே கிளம்பினேன். "கறிக்கடையாண்ணே?" என்றார் ஆட்டோக்காரர். கால்நடை ஆஸ்பத்திரி என்றதும் கண்ணாடியில் என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் ஒரு ஜெர்சிப் பசு, பின்னால் ஒரு கன்னிவாடி ஆடு, பக்கத்தில் சங்கிலியோடு ஒரு ராஜபாளையம் நாய். அந்த நாய் என் பையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் ஒரு பெண். என் மகள் வயது இருக்கும். சிரிக்கவே இல்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. கோழியை வாங்கி, கழுத்தடியை விரலால் அமுக்கிப் பார்த்தார், அலகைத் திறந்து முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"உள்ளே புளிச்சுப்போய்க் கிடக்கு சார். காளான் பிடிச்சிருக்கு. என்ன தீனி போடுறீங்க?"

"நாங்க என்ன சாப்பிடுறமோ அதுதான் டாக்டர்" என்றேன், சமதர்மப் பெருமையோடு.

கோழிக்குப் பல் கிடையாது. கொத்துவதெல்லாம் முதலில் கழுத்தடியில் உள்ள தீனிப்பையில் போய்த் தங்கும். அங்கே ஊறி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அரைவைப்பைக்குப் போகும். கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, கெட்டியாக, மென்றால் கறுக் கறுக்கென்று இருக்குமே, அதுதான் அரைவைப்பை. கோழி பொறுக்கித் தின்ற சிறு கற்கள் அதற்குள் கிடந்து தானியத்தை அரைக்கும். 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்று ஒரு பாதிரியார்-விஞ்ஞானி, பறவைகளுக்குக் கண்ணாடிக் குண்டுகளை விழுங்கக் கொடுத்துப் பார்த்தார். அரைவைப்பை அவற்றை நொறுக்கித் தள்ளியது. அந்தப் பரம்பரையில் வந்த எங்கள் செவலை, இரண்டு முழ அருகம்புல்லிலும் மீந்த சோற்றிலும் மாட்டிக்கொண்டது. புல் வழியை அடைக்க, சோறு மேலே தங்கிப் புளித்திருக்கிறது.

"கல்லு பொறுக்குதா?" என்றார் டாக்டர். கொல்லைக்குப் போன வருஷம்தான் சிமெண்ட் போட்டிருந்தோம். ஊர் நடுவே ஒரே பாறையாக மலைக்கோட்டை நிற்கிறது. திப்பு சுல்தான் காலத்துப் பீரங்கிக்கே அசையாத கல். அதன் அடிவாரத்தில் ஒரு கோழி, விழுங்கக் கல் கிடைக்காமல் அஜீரணத்தில் கிடக்கிறது.

சரளை வாங்க, வீடு கட்டும் சாமான் விற்கும் இடத்துக்குப் போனேன். "எத்தனை யூனிட்?" என்றார்கள். "ஒரு கைப்பிடி" என்றேன். அங்கிருந்தவர் லாரிக்காரரைப் பார்த்தார், லாரிக்காரர் என்னைப் பார்த்தார். கடைசியில் சலித்த மண்ணின் ஓரத்தில் கிடந்த பொடிக்கல்லை ஒரு தாளில் மடித்துக் கொடுத்து, "விபூதி மாதிரி வாங்கிட்டுப் போறீங்க, வீடு நல்லா வரட்டும்" என்று வாழ்த்தினார்கள்.

மருந்து கொடுப்பது தனிக் கலை. வாயைப் பிளந்து ஊற்றிவிடக் கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழல் திறந்திருக்கிறது, மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். தலைகீழாகப் பிடித்துக் கக்க வைக்கிறேன் என்று கிளம்பவும் கூடாது. அதிலும் அதே ஆபத்து. அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மனைவி அதைப் பழைய சின்னாளபட்டிச் சேலையில் பச்சைப்பிள்ளையாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்வாள். நான் ஊசியில்லாத சிரிஞ்சோடு மண்டியிடுவேன். முதல் சொட்டு என் சட்டைக்கு, இரண்டாவது அவள் சேலைக்கு, மூன்றாவது தலையை உதறிய உதறலில் காலண்டரில் இருந்த முருகனுக்கு. பழனிக்காரர் பொறுத்துக்கொண்டார்.

காலையில் இன்னொரு சடங்கு. ராத்திரி முழுக்க ஒன்றும் தின்னாத கோழிக்கு விடியும்போது தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். அதைப் பார்க்க, விடிவதற்கு முன்பே செல்போன் வெளிச்சத்தில் பஞ்சாரத்தைத் தூக்கி, உள்ளே கையை விட்டு, கழுத்தைத் தடவுவேன். காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் பால் வாங்கப் போகிறவர்கள், இருட்டில் லுங்கியோடு குந்தி, "இறங்குச்சா? கொஞ்சமாச்சும் இறங்குச்சா?" என்று ஒருவன் கெஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

பிறகு எச்ச ஆராய்ச்சி. மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது கோழியின் மூத்திரம்தான்; அதற்கு இரண்டுக்கும் ஒரே வாசல். பச்சைத் தண்ணீராகப் போனால் வயிற்றில் இரை இல்லை என்று பொருள். இடையிடையே ஒருதரம் கரும்பழுப்பில், பசை மாதிரி, தெருமுனை வரைக்கும் நாறும்படி ஒன்று போடும்; குடல்வால் பையிலிருந்து வருவது, அது நல்லதுதான். முதல்தடவை அதைப் பார்த்தபோது போட்டோ எடுத்து மச்சினனுக்கு அனுப்பினேன். அவன் அப்போது பந்தியில் இருந்திருக்கிறான். அதன் பிறகு அவன் எனக்குப் பதில் போடுவதில்லை.

சோறு கூடவே கூடாது என்றார் டாக்டர். கம்பு, உடைத்த சோளம், பொடியாக நறுக்கிய கீரை, சுத்தமான தண்ணீர். வீட்டில் இதை அறிவித்தபோது ஒரு சரித்திரச் சான்றையும் சேர்த்துக்கொண்டேன். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், இன்றைக்கு ஜகார்த்தா என்கிற படேவியாவில், எய்க்மன் என்ற டச்சு டாக்டரின் கோழிகளெல்லாம் கால் விளங்காமல் விழுந்தன. ராணுவ ஆஸ்பத்திரி அடுக்களையில் மீந்த வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர், ராணுவத்து அரிசியைச் சிவிலியன் கோழிக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறிய கோழிகள் எழுந்து நடந்தன. தவிட்டில் ஏதோ சத்து இருக்கிறது என்ற உண்மை அங்கே பிடிபட்டு, வைட்டமின் வரைக்கும் போய், 1929-இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. என் மனைவி கதையில் அந்த ஓர் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, "அதுதான் எல்லா வீட்லயும் நடக்குதே" என்றாள்.

கோழி கொஞ்சம் தேறும், மறுபடி சோரும். தேறும் நாளில் நான் தெருவில் நாலு பேரிடம் பேசுவேன். சோரும் நாளில் பேசமாட்டேன். அப்பத்தாவுக்கே மனம் இளகிவிட்டது. "முத்தழகுபட்டிச் செபஸ்தியாருக்கு வேண்டிக்கங்க தம்பி, கைவிட மாட்டாரு" என்றார். ஆகஸ்ட் திருவிழாவில் சாதி மதம் பார்க்காமல் ஜனம் ஆடும் கோழியுமாகக் காணிக்கை செலுத்த, எல்லாவற்றையும் சமைத்து ஊருக்கே விருந்து போடுகிற கோயில் அது. என்ன வேண்டிக்கொள்வது என்று கேட்டேன். "கோழி பிழைச்சா அந்தக் கோழியவே குடுத்துருறேன்னு வேண்டிக்கங்க." செவலை இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அன்று சாயங்காலம் அது தின்ன மறுத்ததற்கு மருத்துவக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

வேடசந்தூரிலிருந்து வந்த சித்தப்பா, பஞ்சாரத்தை எட்டிப் பார்த்து, "மருந்தெல்லாம் எதுக்குடா? மிளகு தூக்கலா ஒரு குழம்பு வச்சா முடிஞ்சுச்சு" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். மருந்து கொடுத்த கோழியை, அந்த மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை கறியும் சமைக்கக் கூடாது, முட்டையும் தின்னக் கூடாது என்ற விதியைச் சொன்னேன். எப்போது முடியும் என்றார். முடிகிற சமயத்தில் மறுபடி வயிறு கெட்டு மறுபடி மருந்து ஆரம்பிக்கிறதே என்றேன். சித்தப்பா கோழியை மரியாதையோடு பார்த்தார். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கோழி உயிரோடு இருக்க இதைவிடப் பாதுகாப்பான வழி எதையும் எந்தக் கோழியும் கண்டுபிடித்ததில்லை.

இப்போது அது பரவாயில்லை. கம்பு, சோளம், கீரை, பொடிக்கல் என்று ராஜபத்தியம் நடக்கிறது. ஆனால் வீட்டில் சோறு மீந்துகொண்டுதான் இருக்கிறது. கோழிக்குப் போடக் கூடாது, கொட்டினால் பாவம். மீதம் இருப்பது நான்தான். முந்தாநாள் சாம்பாரோடு நேற்றைய சோற்றைத் தின்று, நெஞ்சு கரித்து, ஏப்பமாக வந்து, மருந்துக்கடைக்குப் போய் வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள் என்றேன்.

கடைக்காரத் தம்பி பதறிப்போய் எழுந்தார். "திரும்பப் படுத்துக்கிச்சாண்ணே? ஏதாச்சும் தின்னுச்சா? எச்சம் என்ன கலர்?"

எனக்குத்தான் தம்பி என்றேன்.

"அட, உங்களுக்கா? பயந்தே போயிட்டேன்" என்று நிம்மதியாக உட்கார்ந்து, இரண்டு மாத்திரையைக் கிள்ளிப் போட்டார்.