எழுபத்திரண்டு புள்ளி நாலு

ஸ்ரீ கெம்பாங்கான் ஈயம் தோண்டிய பூமி. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று ஏரியானது. ஏரிக்கரையில் பேரங்காடி எழுப்பி, அதற்குள்ளே படகும் விட்டார்கள். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் இங்கே காசு. என் உடம்பில் நின்றால் மட்டும் மிஸ்ஸி (நர்ஸ்) திட்டுகிறார்.

இருபது வருஷ இனிப்புநீர் என் இரண்டு சிறுநீரகத்தையும் வாரிக்கொண்டு போய்விட்டது. இப்போது வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ். குடிக்க ஒரு நாளைக்கு அரை லிட்டர், அதோடு முந்தைய நாள் சிறுநீராக வெளியேறிய அளவு. எனக்கு வெளியேறுவது ஏறக்குறைய பூஜ்யம். ரசம், மோர், ஐஸ் எல்லாம் இந்த அரை லிட்டருக்குள் அடக்கம். இட்லியிலும் தண்ணீர் இருக்கிறது என்று என் மனைவி கண்டுபிடித்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இந்த மெஷினுக்கு மூலவர் வில்லெம் கோல்ஃப் என்ற டச்சு டாக்டர். 1943-இல், ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், சாசேஜ் சுற்றும் செல்லோஃபேன் குழாயில் இரத்தத்தை ஓடவிட்டுச் சுத்தம் செய்திருக்கிறார். அவர் கையில் முதல் உயிர் பிழைத்தது 1945-இல்தான். நான் சைவம். ஊசி குத்தும்போது இதை நினைப்பதில்லை.

எங்கள் வரிசை வீட்டு அக்கா ஒருவர், சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஒரு ஜக்கு நிறைய பெலிம்பிங் (நட்சத்திரப் பழம்) ஜூஸ் கொடுத்தனுப்பினார். சிறுநீரகம் செத்தவனுக்கு அந்தப் பழம் விஷம். வெளியேற வழியில்லாமல் மூளைக்குப் போகும், முதல் அறிகுறி விக்கல். யாரோ நினைக்கிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டால் வலிப்பு வரைக்கும் போகும். மனம் கேட்காமல் செம்பருத்திக்கு ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து வந்தவர், "இப்பதான் தம்பி முகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்கு" என்றார்.

டயாலிசிஸ் ஊசிக்காக இடக் கையில் இரத்தக்குழாய்கள் இரண்டை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். தினம் காலையில் தொட்டால் கிர்ரென்று அதிர வேண்டும். பேத்தி காதை வைத்துப் பார்த்து, "தாத்தா, போன் வைப்ரேட் ஆவுது" என்றாள். நான் எடுக்கவில்லை. யார் கூப்பிடுவது என்று தெரியாதா என்ன?

டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்ப்பார்கள். செருப்பு, பர்ஸ், சாவிக்கொத்து, கடைசியில் மூக்குக்கண்ணாடி வரை கழற்றிவிட்டுத்தான் தராசில் ஏறுவேன். எனக்கு வைத்த உலர் எடை, அதாவது தேங்கிய தண்ணீர் போக நிற்க வேண்டிய எடை, எழுபது கிலோ. பக்கத்து நாற்காலிச் சீனக் கிழவர் கழுத்தை நீட்டி, "பெராப்பா?" (எவ்வளவு?) என்பார். 72.4 என்றால், என் நாற்காலி எண் ஒன்பதைக் கடைசியில் ஒட்டி, மகனுக்கு போன் போட்டு நாலு நம்பர் லாட்டரியில் 7249 எடுக்கச் சொல்வார். தீபாவளி முடிந்த வாரம் பாயச தோஷத்தில் 73.8. மிஸ்ஸி கத்தினார், டாக்டர் வந்து கத்தினார். கிழவருக்கு 7389-இல் ஆறுதல் பரிசு அடித்தது.

அதன் பிறகு வைராக்கியமாக இரண்டு மாதம் 72-ஐத் தாண்டவில்லை. போன செவ்வாய்க்கிழமை கிழவர் தள்ளாடி வந்து என் தலைமாட்டில் நின்று, மிஸ்ஸி பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டு, ஒரு பாக்கெட் சோயாப் பாலைப் போர்வைக்கடியில் செருகினார்.