யானையைப் பறக்கவிட்ட தாத்தா

ஜே.ஜே. தாம்சன் யார்? எலெக்ட்ரானைக் கண்டுபிடித்தவர், நோபல் பரிசுக்காரர், பாடப்புத்தகத்தில் மீசையும் கண்ணாடியுமாக முறைப்பவர். எல்லாம் சரி. ஆனால் கேம்பிரிட்ஜ் லேப்பில் அவருடைய உதவியாளர்களுக்கு இருந்த ஒரே கவலை, ஐயா எந்தக் கருவியிலாவது கையை வைத்துவிடுவாரோ என்பதுதான். கைராசி அப்படி!

மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற அணுத்தராசின் தாத்தா பிறந்தது இந்தக் கைராசிக்காரரிடம்தான். பொருளை ஆவியாக்கு, கரண்ட் ஏற்று, வெற்றிடத்தில் பறக்கவிடு, காந்தத்தால் இழு. எவ்வளவு வளைகிறது என்று பார்த்தால் எடை தெரிந்துவிடும். 1913இல் நியானில் 20 எடையில் ஒன்று, 22 எடையில் ஒன்று இருப்பது இப்படித்தான் அம்பலமானது. ஒரே நிபந்தனை: எடை பார்க்க வேண்டுமென்றால் பறந்தாக வேண்டும்.

நம் ரத்தத்து ஹீமோகுளோபின் மாட்டிக்கொண்டது இங்கேதான். அதன் எடை ஏறக்குறைய 64,500! சூடாக்கினால் பறக்காது, வெந்துவிடும். ரத்தப் பொரியல் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1960களில் மால்கம் டோல் என்ற அமெரிக்கர், கார்களுக்கு மின்சாரத்தின் உதவியோடு பெயின்ட் அடிப்பதைப் பார்த்தார். மூலக்கூறுகளையும் கரைத்து இப்படித் தெளித்தால் என்ன? ஐடியா சூப்பர். கணக்குதான் உதைத்தது.

அதைத் தூசி தட்டி எடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்து ஜான் ஃபென். வேலை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து, பாவம், அவருக்கு 70 வயது ஆகித் தொலைத்தது. யேல் ரூல் புக்கைப் பிரித்து, 1987இல் ரிட்டயர்மென்ட் கொடுத்தது. மறு வருஷமே தாத்தா முழுப் புரதங்களைப் பறக்கவிட்டுக் காட்டினார். பின்னால் தன் நோபல் உரைக்கு, மூலக்கூறு யானைகளுக்கு இறக்கை கட்டியதாகவே தலைப்பு வைத்தார். அடக்கம் அவருக்கு அவ்வளவாக ஒத்துவராது.

யானை பறந்ததும் பாகன் யார் என்ற சண்டை வருமே! பேட்டன்ட்டை ஃபென் தன் பெயரிலேயே வாங்கியிருந்தார். யேல் கொதித்தது. கேஸ் நடந்துகொண்டிருந்தபோதே, 2002இல், 85 வயதில் நோபல் வந்தது. பரிசுத்தொகையில் அவருக்குக் கால் பங்கு. 2005இல் தீர்ப்பும் வந்தது: யேலுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் எடுத்து வைக்க வேண்டும். பரிசும் போதவில்லை!

இன்னொரு கால் பங்கு, ஜப்பானில் ஷிமாட்சு கம்பெனி எஞ்சினியர் கோய்ச்சி தனாகாவுக்கு. டாக்டர் பட்டம் கிடையாது. காலேஜில் ஜெர்மன் பாடத்தில் கோட்டைவிட்டு ஒரு வருஷம் கூடுதலாகப் படித்த ஆசாமி. 1985இல் சோதனைக்கான உலோகத்தூளில் கைமறதியாகக் கிளிசரினை ஊற்றிவிட்டார். கீழே கொட்ட மனசு வரவில்லை. சரி, வீணாக்குவானேன் என்று அதன்மேலேயே லேசரை அடித்தார். பெரிய மூலக்கூறு முழுசாக எழும்பியது. சிக்கனத்துக்கு இதைவிடப் பெரிய பரிசை யாராவது பார்த்ததுண்டா?

இன்று ஒரு சொட்டு ரத்தம் போதும். ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலி 15,126, பீட்டா 15,867 என்று மெஷின் ஒப்பித்துவிடும். பீட்டாவில் 30 குறைந்தால் சிக்கிள் செல் என்ற ரத்தக் கோளாறோ என்று சந்தேகம் வரும். அதிலுள்ள 146 அமினோ அமிலங்களில் ஒரே ஒன்று ஆள் மாறியதன் விளைவு அது. குளுகோஸ் ஒட்டிக்கொண்டாலோ 162 ஏறும். ஆக, யார் ஜாங்கிரி தின்றார்கள் என்பதும் தெரிந்துவிடும்!

நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? சுகர் டெஸ்ட்டுக்கு முந்தைய இரண்டு நாள் கடும் விரதம். ஆனால் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். ஒட்டிய சர்க்கரையும் அதோடேயே இருக்கும். மூன்று மாதக் கதையைச் சொல்லும் அந்த ஏ1சி டெஸ்ட்டை உலகம் முழுக்க ஒரே அளவுக்குக் கொண்டுவர வைத்திருக்கும் மூலமுறையிலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இடமுண்டு. இத்தனை பேர் விழுந்து எழுந்து, கோர்ட் ஏறி, உருவாக்கிய ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் நம் ஆள் சொல்வது என்ன தெரியுமா?

“எதுக்கும் வேற லேப்ல ஒரு தடவை குடுத்துப் பார்த்துடுவோம்!”