கோபுரம் தெளிவு, நிலா மங்கல்

வெள்ளி எழுந்ததையும் வியாழன் மறைந்ததையும் கருவி எதுவுமில்லாமல் திருப்பாவையில் ஆண்டாள் குறித்துவைத்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே இன்று புதிதாக வாங்கிய நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டினால் நிலா மாவு உருண்டையாகத் தெரிகிறது. உடனே பழி கண்ணாடிமேலும் விற்றவர்மேலும், மிச்சமிருந்தால் சனிமேலும் விழுகிறது. உண்மையான குற்றவாளி ஒரு சிறு தூரம். கேனன் எஸ்எல்ஆர் கேமராவின் சென்சார், லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து 44 மி.மீ. உள்ளே இருக்கிறது. கண்ணால் பார்க்கவென்று செய்த குழாயில் பிம்பம் அவ்வளவு வெளியே வருவதில்லை. ஃபோகஸ் திருகை எவ்வளவு உள்ளே தள்ளினாலும் முட்டி நிற்கும்.

“பகலில் ஆண்டாள் கோயில் கோபுரம் பளிச்சென்று விழுந்ததே?” என்பார்கள். விழும், அதுதான் வாக்குமூலம். அருகிலுள்ள பொருளின் பிம்பம் இன்னும் வெளியே தள்ளி உருவாகும். 1000 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாய்க்கு, 50 மீட்டரில் இருக்கும் பொருள் ஏறத்தாழ 20 மி.மீ. சலுகை தருகிறது. அதே கோபுரத்தை ராஜபாளையத்திலிருந்து, பத்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி நின்று குறிவைத்தால் சலுகை 0.1 மி.மீ. கூடத் தேறாது, நிலாவுக்கு நேர்ந்த கதிதான் கோபுரத்துக்கும். “அப்படியானால் தயாரிப்புக் கோளாறுதானே?” கோளாறல்ல, வடிவமைப்பு வேறு. காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியை, முதன்மைக் குவியத்திலேயே கருவி வைக்க இடம்விட்டுக் கட்டினார்கள். மலிவுக் குழாயில் அந்த இடம் கிடையாது. கேமராவுக்கு முன்னால் இரண்டு மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றைப் போட்டால் பிம்பம் வெளியே வரும். காட்சியின் அகலம் பாதியாகும். சனிப்பெயர்ச்சிப் பரிகாரத்தைவிட அது மலிவு.