புகலாமா படலம்: சன் ஸ்டூடியோ குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், யூனியன் அவென்யூ 706ஆம் எண் வாசலை அடையும் பயணிக்கு எழுவது புகலையம்: உள்ளே போய்ச் சுற்றிப் பார்ப்பதா, வேண்டாமா? இது கால்பற்றியது, காசுபற்றியது, தாள்பற்றியது என மூவகைப்படும். தொல்காப்பிய உரையாசிரியர் எவரும் இதை மறுக்கவில்லை. எனவே உடன்பட்டனர் என்பது துணிபு.

கால்பற்றியது: இடம் சிறிது, வலிக்காது.

காசுபற்றியது: கட்டணம் உண்டு. 1953இல் எல்விஸ் பிரெஸ்லியே ஏறத்தாழ 4 டாலர் கொடுத்துத்தான் இங்கே தம் குரலைப் பதிவு செய்துகொண்டார். ஓசியில் நுழைய நினைப்பது மரபுவழு.

தாள்பற்றியது விரிவுடைத்து. சாம் பிலிப்ஸ் 1950இல் தொடங்கிய இந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்கு, 1951இல் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்ய ஐக் டர்னர் குழுவினர் வந்தபோது, கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் வழியிலேயே பழுதாகியிருந்தது. ஒலிபெருக்கிக் கூம்புக்குள் தாளை அடைத்து வாசித்தார்கள். அந்தக் கரகரப்பே பாட்டுக்குப் புகழானது. பெட்டி காரிலிருந்து விழுந்தது என்பது ஒரு பாடம். மழையில் நனைந்தது என்பது மற்றொன்று. நனைந்து பின் விழுந்தது என்று இரண்டையும் இணைப்பவருக்கு முனைவர் பட்டம் உறுதி. அடைத்த தாளில் என்ன அச்சாகியிருந்தது என்று ஒருவரும் ஆராயாதது துறையின் அவலம்.

1956இல் 'ஐ வாக் த லைன்' பாட்டுக்காக ஜானி காஷ் தம் கிட்டார்க் கம்பிகளுக்கிடையே தாளைச் செருகி, இல்லாத டிரம்மின் ஓசையை வரவழைத்தார். அது பணத்தாள் என்பாரும் உளர். அவர் பெயரே காசாக இருத்தலை அவர்கள் சான்று காட்டுவர். நுழைவுச்சீட்டும் தாள். எல்விஸ் நின்றதாகச் சொல்லித் தரையில் குறித்திருக்கும் இடத்தில் பயணி பதிப்பதும் தாள், அதாவது பாதம். தாளிலிருந்து பிறந்ததே தாளம். ஆகவே ராக் இசை தமிழரது என முடிக்க ஒரு மாநாடு போதும். மெம்ஃபிஸ் என்ற ஊர்ப்பெயரின் தமிழ் வேரைக் காண ஆட்கள் ஏற்கெனவே தயார்.

எனவே புகுக.

புறனடை: 1931இல் திறக்கப்பட்ட லண்டன் ஏபி ரோடு ஸ்டூடியோவுக்கு இவ்விதி செல்லாது. அங்கே இன்றும் பதிவு நடப்பதால் அன்றாடச் சுற்றிக்காட்டல் இல்லை. வருவோர், 1969இல் பீட்டில்ஸ் தம் இசைத்தட்டின் அட்டைப்படத்துக்காகக் கடந்த வாசல் சாலையை நால்வர் நால்வராய்க் கடந்து, படமெடுத்துக்கொண்டு திரும்புவர். கட்டணமில்லை. அப்போது வண்டியை நிறுத்திக் காத்திருக்கும் ஓட்டுநர்களின் பாடபேதங்கள் அச்சுக்கு உகந்தவையல்ல.